ஒரு மணித்தியாலம் காணும்

1

இது கட்டுரையாகத்தான் தொடங்கியது. திருகோணமலையிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டிய, ஆனால் ஆசிரியருக்கு வசதிப்பட்டால் மட்டும் வருகிற சஞ்சிகை ஒன்று இருக்கிறது. அதன் ஆசிரியர் ஸஹாப்தீன் உயர்தர மாணவர்களுக்கான பொருளியல் பக்கத்துக்கு எழுதித்தரச் சொன்னார். ‘காலாண்டு வேலைவாய்ப்பு வளர்ச்சியை விளங்கிக்கொள்வது எப்படி?’ என்று தலைப்பையும் அவரே தந்தார். டியூஷன் வகுப்புகளில் இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டினவன் நான். கண்ணை மூடிக்கொண்டு எழுதலாமென்று மேசையில் குந்தினேன். கண்ணை மூடியதுதான் பிழையாகப் போயிற்று. சல்லி என்ற கடற்கரைக் கிராமத்திலிருந்து ரிஷிகேசன் எழும்பி வந்து முன்னால் நின்றுகொண்டான்.

முதல் தொடக்கம்: ‘ஒரு நாட்டின் பொருளாதாரம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிய உதவும் குறிகாட்டிகளுள் வேலைவாய்ப்பு வளர்ச்சியானது—’ [நிறுத்து. வாசிக்கிற பிள்ளை இந்த இடத்தில் போனைக் கையில் எடுத்திருக்கும்.]

இரண்டாவது தொடக்கம்: ‘சல்லிக் கடற்கரையில் அன்று காலை வெயில் பொன்னாக உருகி—’ [வேண்டாம். சல்லியில் வெயில் வெயிலாகத்தான் அடிக்கும். அதில் கருவாடு காயும்.]

மூன்றாவது: ‘சிவபாக்கியம் ஒரே காலையில், தன் மகனைப் பற்றி, இரண்டு பேரிடம் இரண்டு கதை சொன்னார்.’

இது நிற்கட்டும். ஆனால் இதற்கு வர முன்னர் ஸஹாப்தீன் கேட்டதைக் கொஞ்சமாவது கொடுக்க வேண்டும்.

2

சூத்திரம் சின்னது. இந்தக் காலாண்டில் வேலை செய்தவர்களின் தொகையிலிருந்து முந்திய காலாண்டின் தொகையைக் கழியுங்கள். வருவதை முந்திய தொகையால் பிரித்து நூறால் பெருக்குங்கள். அதுதான் வளர்ச்சி வீதம். கூடினால் நல்லது, குறைந்தால் கவலை.

எங்கள் பக்கத்தில் இந்தக் கணக்கைக் குழப்புவது கடல். மார்கழி, தை மாதங்களில் கிழக்குக் கடல் ஒருவரையும் கிட்ட விடாது. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். நிலாவெளி ஹொட்டேல்களில் கதிரைகளை உள்ளே அடுக்கி வைத்திருப்பார்கள். பங்குனியில் கடல் படிந்து அமைதியானால் கரைவலை இறங்கும், ஐஸ் லொறி வரும், வெள்ளைக்காரர் வருவார்கள். ஆகவே முதலாம் காலாண்டோடு இரண்டாம் காலாண்டை ஒப்பிட்டுப் பார்த்தால் வேலைவாய்ப்பு மளமளவென்று ஏறியிருக்கும். உடனே யாராவது ஒருவர் மேடையேறி மாலை போட்டுக்கொள்வார். உண்மையில் அந்த மாலையைக் காற்றுக்குத்தான் போட வேண்டும். விபரம் தெரிந்தவர்கள் இந்த வருடத்து இரண்டாம் காலாண்டைப் போன வருடத்து இரண்டாம் காலாண்டோடுதான் ஒப்பிடுவார்கள்.

அடுத்தது, யாரை ‘வேலை உள்ளவர்’ என்று எண்ணுவது? கணக்கெடுக்கிற அந்த ஒரு கிழமையில் கூலிக்கோ இலாபத்துக்கோ, அல்லது சம்பளமில்லாமல் குடும்பத்தின் தொழிலுக்காகவோ, ஒரு மணித்தியாலமாவது உழைத்திருந்தால் அவர் வேலை உள்ளவர். ஒரு மணித்தியாலம் காணும். அதுவே போதும். இது எங்கள் அரசாங்கத்தின் கெட்டித்தனம் என்று நினைக்க வேண்டாம், வெளிநாடுகளிலும் இதே அளவுகோல்தான். ‘வேலையற்றவர்’ என்று பதியப்பட வேண்டுமானால் அந்த ஒரு மணித்தியாலமும் உழைத்திருக்கக் கூடாது. அதோடு வேலை தேடிக்கொண்டும் இருக்க வேண்டும். தேடிக் களைத்துப்போய் விட்டுவிட்டவர் உள்ளவருமில்லை, அற்றவருமில்லை. அவர் கணக்கை விட்டே போய்விடுவார்.

இதுவரை வாசித்த ஸஹாப்தீன், “நல்லா வந்திருக்கு சேர். இதோட ஒரு வரைபடத்தப் போட்டு முடிச்சிருங்க” என்றார். முடித்திருக்கலாம். எனக்குத்தான் அந்த ஒரு மணித்தியாலம் தொண்டையில் முள்ளாகச் சிக்கிவிட்டது.

3

ரிஷிகேசன் கலைப் பட்டதாரி. வேலையற்ற பட்டதாரிகள் சங்கத்தின் செயலாளர். கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, எதிரே அவர்களுடைய கூடாரம் இருக்கிறது. பதாகை கட்டுவது, மகஜருக்குக் கையெழுத்துச் சேர்ப்பது, பத்திரிகைக்காரருக்குப் போன் எடுப்பது, பதாகைப் பசையை நக்க வருகிற மான்களைத் துரத்துவது* என்று காலை முதல் பொழுதுபடும்வரை அவனுக்கு நிமிர நேரமில்லை. மாவட்டத்தில் இவ்வளவு பாடுபடுகிற வேலையற்றவன் வேறொருவன் இருக்கமாட்டான்.

(* வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் நகரத்தில் மான்கள் மாடுகளைப் போலத் தெருவில் திரியும். அவற்றை வேலை தேடுவோரில் சேர்ப்பதா என்று இன்னும் தீர்மானிக்கப்படவில்லை.)

கூடாரத்துக்குப் போகுமுன் விடியப்புறத்தில் அவன் இன்னொன்றும் செய்வான். தகப்பன் வல்லிபுரத்திடம் பழைய கரைவலை ஒன்று உண்டு. கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று பலபேர் கயிறு பிடித்து இழுப்பார்கள், ரிஷிகேசனும் போய்க் கயிற்றில் நிற்பான். பிறகு குளித்து, நீளக் களிசான் போட்டு, பஸ் ஏறி, வேலையற்றவனாகப் போய்விடுவான். கேட்டால், “அது அப்பாக்குச் செய்யிற உதவி” என்பான். சல்லியில் யாரும் அதை வேலை என்று சொல்வதில்லை. படித்த பிள்ளைக்கு வேலை என்றால் கதிரை, மேசை, மாதச் சம்பளம்.

அதே கூடாரத்தில்தான் நிஷாந்தினியைக் கண்டான். கிளிவெட்டி ஊர்ப் பெண். இரண்டு பேரும் ஒரே பதாகையின் இரண்டு நுனிகளைப் பிடித்து நின்ற காலத்தில் தொடங்கிய பழக்கம். அவளுடைய தாய் இறந்துவிட்டார். தகப்பன் ஞானசேகரம் வயல்காரர், ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தார்: பெடியனுக்கு வேலை இருக்க வேண்டும். இதற்கிடையில் மூதூரில் கந்தோர்க் கதிரையில் இருந்து வேலை பார்க்கிற ஒருவரின் கல்யாணப் பேச்சுக்கால் வந்திருந்தது. வயல் வெட்டு, அதாவது அறுவடை, முடியுமுன் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சல்லிப் பெடியனைப் பற்றி விசாரித்துவிட்டுச் சொல்லலாமென்று ஞானசேகரம் மகளிடம் ஒத்துக்கொண்டிருந்தார். ரிஷிகேசனுக்கு நித்திரை போய்விட்டது.

அந்தக் கிழமையென்று பார்த்து கிராம சேவகரான விதானையார் வந்து, தொழிற்படைக் கணக்கெடுப்புக்கு உங்களின் வீடு தெரிவாகியிருக்கிறது, ஆள் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலையற்றோர் சங்கத்தின் செயலாளர் ‘வேலை உள்ளவர்’ என்று பதியப்பட்டால் எப்படியிருக்கும்? அதுவும் தனியாளாக இல்லை. கணக்கெடுப்பில் எல்லா வீட்டுக்கும் போகமாட்டார்கள். தெரிந்தெடுத்த ஒரு வீடு, போகாத பல நூறு வீடுகளுக்காகப் பதில் சொல்லும். ரிஷிகேசன் வேலை உள்ளவன் என்றால் அவனுக்குப் பின்னால் ஒரு கூட்டமே வேலை உள்ளதாகிவிடும். ஆகவே கூடாரத்துக்குப் போகுமுன் தாயைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லிக்கொடுத்தான்.

“அம்மா, கணக்கெடுக்க வாறவைக்கு, மகனுக்கு வேலை இல்லை, வேலை தேடுறார் எண்டு சொல்லுங்கோ. கிளிவெட்டியால ஆரும் வந்தால், மகன் ஒரு நிமிசமும் சும்மா இருக்கமாட்டார் எண்டு சொல்லுங்கோ. மாறிப்போகாது தானே?”

“நான் என்ன பச்சைப்பிள்ளையோ?” என்றார் சிவபாக்கியம்.

4

முதலில் வந்தவர் ஆண். வெள்ளைச் சேட், பொக்கற்றில் பேனை, கக்கத்தில் பிளாஸ்ரிக் பைல். சிவபாக்கியம் முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பார்த்தவுடனே விளங்கிவிட்டது: கணக்கெடுக்கிற ஐயா. பொம்பிளை வீட்டாராக இருந்தால் முதலில் பெண்கள் வருவார்கள். சித்தியோ மாமியோ ஏதாவது ஒரு சாட்டோடு வந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் ஆண்கள் வருவது. சல்லியில் அதுதான் முறை. பார்க்க வந்தவர் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்வதும் முறையில்லை.

வந்தவர் ஞானசேகரம். உர மானியம் பற்றிக் கேட்க நகரத்துக்கு வந்தவர், அப்படியே சல்லிக்கும் பஸ் ஏறிவிட்டார். அனுப்புவதற்கு அவர் வீட்டில் மகளைத் தவிரப் பெண்கள் ஒருவரும் இல்லை.

“மகன் என்ன செய்யிறார்?”

“ஒண்டும் இல்லை ஐயா. படிச்சுப்போட்டுச் சும்மாதான் இருக்கிறார்.”

“ஒண்டும் எண்டால்?”

“ஒண்டும்தான். தேத்தண்ணி வைச்சாலும் எழுப்பித்தான் குடுக்கவேணும்.”

“தகப்பன்ர வலை இருக்காமே. அதுக்கும் போறேல்லையோ?”

“வலையோ? கடல் எந்தப் பக்கம் எண்டும் அவருக்குத் தெரியாது ஐயா.” முற்றத்து வேலிக்கு அந்தப்பக்கம் கடல் கிடந்து இரைந்துகொண்டிருந்தது.

“வேலையாவது தேடுறாரோ?”

மகன் இதற்கும் ஏதோ சொல்லித் தந்தது சிவபாக்கியத்துக்கு ஞாபகம் வந்தது, என்னவென்றுதான் வரவில்லை. “தேடுறதுக்கும் எழும்பவேணுமே” என்றார்.

ஞானசேகரம் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்.

“எழுதயில்லையோ ஐயா?”

“தேவையில்லை அம்மா. மனதில கிடக்கு.”

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்தாள். குடை, கைப்பை, இஸ்திரி போட்ட சேலை. புள்ளிவிபரத் திணைக்களத்திலிருந்து வருவதாகச் சொல்லி அடையாள அட்டையையும் காட்டினாள். சிவபாக்கியம் சிரித்துக்கொண்டார். கணக்கெடுக்கிறவர் இப்போதுதானே வந்து போனார்? பொம்பிளை வீட்டார் எவ்வளவு வடிவாகச் சாட்டுச் சொல்கிறார்கள். அலுமாரியிலிருந்து நல்ல கோப்பையை எடுத்துத் தேத்தண்ணி ஊற்றினார்.

அவளுடைய பெயர் ஜெயரூபி. அவளும் அதே கூடாரத்தில் இருந்தவள்தான். கொஞ்ச நாளைக்கு முன் ஒப்பந்த அடிப்படையில் இந்த வேலை கிடைத்துப் போய்விட்டாள். [வேலைவாய்ப்பைக் கணக்கெடுப்பதாலும் வேலைவாய்ப்பு கூடும். இதை வரைபடத்தில் எப்படிக் காட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை.]

“போன கிழமை மகன் ஏதும் வேலை செய்தவரோ அம்மா? ஒரு மணித்தியாலமாவது?”

“ஒரு மணித்தியாலமோ? விடியக் கரைவலை இழுக்கிறவர் ஆர், என்ர மகன்தானே. தகப்பனுக்கு அவர்தான் வலக்கை. பிறகு ரவுணுக்குப் போய் இருட்டினாப்பிறகுதான் வாறவர். சும்மா இருக்கிற குணம் அவரிட்ட இல்லைப் பிள்ளை.”

ஜெயரூபி தன் டப்லெட் கருவியில் தட்டிக்கொண்டாள். “நீங்கள் அம்மா?”

“நானோ. நான் சும்மா வீட்டிலதான்.” கை கருவாட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தது.

“இந்தக் கருவாடு ஆருக்கு?”

“கடைக்குக் குடுக்கிறது.”

“அப்ப நீங்களும் வேலை செய்யிற ஆள்தான்.”

“பகிடி விடாதைங்கோ பிள்ளை.” சிவபாக்கியம் வெட்கப்பட்டார். பிறகு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, “நிஷாந்தினிப் பிள்ளையை எப்ப கூட்டிக்கொண்டு வாறீங்கள்?” என்றார்.

“அம்மா, நான் உண்மையாவே கணக்கெடுக்கத்தான் வந்தனான்.”

கருவாட்டின் மேலிருந்த மற்றக் கை நின்றது. “அப்ப முதல் வந்தவர் ஆர்?”

5

ரிஷிகேசன் கூடாரத்தில் இருக்கும்போது நிஷாந்தினியின் அழைப்பு வந்தது. “அப்பா வந்திட்டார். நீங்கள் தேத்தண்ணிக்கும் எழும்பமாட்டீங்களாம். கடலையும் தெரியாதாம். மூதூர்க்காரருக்கு ஓம் எண்டு சொல்லப்போறாராம்.” கோபமாகத்தான் தொடங்கினாள், முடிக்கும்போது அழுதுவிட்டாள்.

தாயிடம் போனில் விபரம் கேட்டுக்கொண்டு ரிஷிகேசன் ஓடி வந்தபோது, ஜெயரூபி மற்ற வீடுகளையும் முடித்துச் சாம்பல்தீவுச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றாள்.

“ஜெயரூபி, அம்மா பிழையாச் சொல்லிப்போட்டா. மாத்திவிடும்.”

“எது பிழை ரிஷி அண்ணா? நீங்கள் கயிறு பிடிக்கயில்லையோ?”

“பிடிச்சனான். அது உதவி. அப்பா எனக்குச் சம்பளம் தாறவரே?”

“குடும்பத் தொழிலுக்குச் சம்பளம் தேவையில்லை. ஒரு மணித்தியாலம் வருமோ, வராதோ?”

அவன் மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். ஒரு மணித்தியாலம் வரும், சில நாட்களில் அதற்கு மேலும் வரும். பிறகு வேறொரு யோசனை வந்தது. “சரி, அப்ப ஒரு உதவி செய்யும். எனக்கு வேலை இருக்கு எண்டு நிஷாந்தினியின்ர அப்பாட்ட ஒரு சொல்லுச் சொல்லும். அரசாங்கம் சொன்னால் நம்புவார்.”

“ஏலாது. ஒரு வீட்டில கேட்டதை வெளியில சொல்லக்கூடாது. அது சட்டம்.”

அரசாங்கத்துக்கு அவன் வேலை உள்ளவன். ஆனால் அரசாங்கம் அதை ஒருவரிடமும் சொல்லாது. ஞானசேகரத்துக்கு அவன் வேலையற்றவன், அவர் அதை எல்லாரிடமும் சொல்வார். பஸ் வந்தது, ஜெயரூபி ஏறிப் போனாள். ரிஷிகேசன் சந்தியில் தனியே நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக, தனக்கு வேலை இருக்கிறது என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கினான்.

6

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம், ஞானசேகரத்தைப் பற்றித்தான். முதல் வரைவில் அவரைப் பெரிய மீசையோடு ஒரு கல்நெஞ்சுக்காரராக எழுதியிருந்தேன். ‘அவர் தன் மகளின் கண்ணீரைக் கண்டும்—’ [அடித்துவிட்டேன்.] யோசித்துப் பாருங்கள், இந்தக் கதையில் நேராகக் கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான். அவருக்குத்தான் கணக்கெடுப்புக்கென்று சொல்லிக்கொடுத்த பதில் கிடைத்தது. மீசையையும் எடுத்துவிட்டேன்.

அந்த மாதமே கணக்கெடுப்பு கிளிவெட்டிக்குப் போனது. வந்தவள் ஜெயரூபி. வீடு ஞானசேகரத்தின் வீடு. [“இது தற்செயல், நம்ப மாட்டாங்க” என்றார் ஸஹாப்தீன். மாதிரி எடுப்பதே தற்செயலாகத்தான் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது.]

“மகள் என்ன செய்யிறா ஐயா?”

“சும்மா வீட்டிலதான்.”

கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், நிஷாந்தினி பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும், வயலில் கதிர் வெட்டியதும் வெளியே வந்தன.

“அப்ப அவ வேலை உள்ளவ.”

ஞானசேகரம் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார். “ஒரு மணித்தியாலம் காணுமோ பிள்ளை?”

“காணும் ஐயா.”

“அப்ப சல்லியில ஒரு பெடியன்...”

“மற்ற வீட்டுக் கதை நான் சொல்லக்கூடாது ஐயா.” ஜெயரூபி குடையை விரித்துக்கொண்டு வாசற்படலை வரைக்கும் போனாள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள். “ஆனால் கரைவலை விடியத்தான் இழுக்கிறவை. கடற்கரை எல்லாருக்கும் பொது.”

[இது சட்டமீறல் என்பது ஸஹாப்தீனின் கருத்து. கடற்கரை பொது என்பது ஊருக்கே தெரிந்த விசயம் என்பது என்னுடையது.]

7

இனி முடிவு. கைவசம் மூன்று இருக்கிறது.

(அ) கல்யாணம் நடக்கிறது. கூடாரத்து ஆட்கள் எல்லாரும் வருகிறார்கள், மான்கள் வாழையிலையைத் தின்கின்றன. வாசகருக்கு வயிறு நிறையும். எனக்குத்தான் கை கூசுகிறது.

(ஆ) காலாண்டு அறிக்கை வெளியாகிறது. வேலைவாய்ப்பு கூடியிருக்கிறது. ‘இந்தப் புள்ளிவிபரம் பொய்’ என்று ரிஷிகேசன் கூடாரத்தில் அறிக்கை வாசிக்கிறான், அந்தக் கூடுதலுக்குள் தானும் இருப்பது தெரிந்துகொண்டே. அதே கிழமை நிஷாந்தினி மூதூருக்கு மருமகளாகப் போகிறாள். இது கெட்டித்தனமான முடிவு, ஆனால் இரக்கமில்லாதது.

(இ) அவனுக்கு நியமனம் கிடைக்கிறது, வெகு தூரத்தில், வெகு காலம் கழித்து. ‘அவன் கதிரையில் அமர்ந்தபோது—’ [முடிக்க ஏலவில்லை.]

எது நல்ல முடிவு என்பது எந்தக் காலாண்டோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. போன மாரியோடு ஒப்பிட்டால் ரிஷிகேசன் எவ்வளவோ பரவாயில்லை. போன வருடம் இதே நாளோடு ஒப்பிட்டால் அவன் இழக்கப்போவது பெரிது. அப்போது மூதூர்ப் பேச்சுக்கால் வந்திருக்கவில்லை.

மூன்றையும் வைத்துவிட்டு, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

8

விடிந்துகொண்டு வந்தது. வலையின் ஒரு பக்கத்துக் கயிற்றில் ரிஷிகேசன் நின்றான், அவனுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். மேட்டில் ஒரு வெள்ளைச் சேட் தெரிந்தது. கக்கத்தில் பைல், தாய் சொன்ன அதே அடையாளம், யாரென்று விளங்கிவிட்டது. கயிற்றை விட்டுவிட்டுப் போய்க் கைகுடுத்து, பட்டதாரியாக நின்று கதைக்கலாம். இப்படியே மணலும் சாரமுமாக நின்றால், இவர் மகளைக் கேட்கிறவன் ஒரு வலைகாரன் என்று ஆகிவிடும். வெட்கமாக இருந்தது, வெட்கப்படுகிறோமே என்று அதற்கும் வெட்கமாக இருந்தது. கடல் வலையைப் பின்னுக்கு இழுத்தது. அவன் காலை மணலில் ஊன்றிக்கொண்டான்.

ஞானசேகரம் செருப்பைக் கழற்றினார். பைலைக் கவிழ்ந்து கிடந்த வள்ளத்தின் மேல் வைத்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ரிஷிகேசனுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தார். முன்னாலிருந்து வல்லிபுரம், யாரென்று பாராமலே, “பின்னுக்கு நிக்கிறவர் தளர விடாதைங்கோ” என்று சத்தம் போட்டார். ஞானசேகரம் இறுக்கிப் பிடித்தார்.

“எவ்வளவு நேரம் இழுக்கவேணும்?”

“ஒரு மணித்தியாலம் வரும்.”

கொஞ்சத் தூரம் இழுத்தார்கள்.

“ஒவ்வொரு நாளும் வாறனீரோ?”

“ஓம்.”

“அப்ப ஏன் கொம்மா அப்பிடிச் சொன்னவ?”

“நான்தான் சொல்லிக் குடுத்தனான். அது உங்களுக்குச் சொல்லுறதுக்கு இல்லை, கணக்கெடுக்கிறவைக்கு.” ரிஷிகேசன் திரும்பிப் பார்க்கவில்லை. “இதை வேலை எண்டு நான் ஒரு நாளும் நினைக்கயில்லை, மாமா.”

மாமா என்ற சொல் தன்னையறியாமல் வந்துவிட்டது. ஞானசேகரம் அதை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. தூரத்தில் வலையின் மடி, மீன் சேர்கிற பை, மிதந்து தெரிந்தது. அதன் மேல் பறவைகள் இறங்கின.

“தம்பி, கொம்மாவைக் கேட்டுப் பார்த்தன். கணக்கெடுத்த பிள்ளையையும் கேட்டன். இப்ப உம்மைக் கேக்கிறன். உமக்கு வேலை இருக்கோ, இல்லையோ?”

இருக்கிறது என்றால் நிஷாந்தினி கிடைக்கக் கூடும். அப்படிச் சொன்ன வாயோடு போய்க் கூடாரத்தில் எப்படிக் குந்துவது? இல்லை என்றால் கூடாரம் நிற்கும். ஆனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டே, முன்னால் நிற்கிற தகப்பனின் காது கேட்க, அதை எப்படிச் சொல்வது? ரிஷிகேசன் இரண்டு எட்டுப் பின்னால் இழுத்தான். பிறகு பதில் சொன்னான்.

அவன் என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியும். ஸஹாப்தீன் போனில் மூன்று தரம் கேட்டுவிட்டார், வாசகர்களும் கேட்பார்களாம். ஆனால் ஒரு வீட்டில் கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது. ஒப்பந்தம் முடிய இருக்கிற ஜெயரூபி காப்பாற்றிய சட்டத்தை நான் மீறுவதாக இல்லை.

வயல் வெட்டு முடிந்துவிட்டது, மூதூருக்குச் சொல்லவேண்டிய பதிலும் போய்விட்டது. கடல் இன்னும் படிந்துதான் கிடக்கிறது. கடற்கரை எல்லாருக்கும் பொது. ஒரு நாள் விடிய எழும்பிச் சல்லிக்குப் போய், கயிற்றில் யார் யார் நிற்கிறார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.